மூன்றாம் வரியில் ஒரு மௌனம்

என்னைக் கடைசிவரை "ஏலே" என்றே கூப்பிட்ட சவரி அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். "ஏலே இன்னாசி, பென்சிலக் கீழ வச்சா செத்தா போயிருவ?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. இன்று பேனாதான், அண்ணே. அழிக்க முடியாது.

நம் இசைக்கல்லூரிக்குச் சென்னையிலிருந்து ஜாஸ் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். மூன்று நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ரேச்சல் என்ற அம்மாவுக்கு உங்களைப்போலச் சாக்ஸபோன். எத்தனையோ ஊர்களில் வாசித்தவர், கேண்டீனில் வரிசையில் நின்று பரோட்டா வாங்குகிறார். உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும்.

நேற்று செல்வி சாக்ஸபோன் வாசித்தாள். சின்னாளப்பட்டி நெசவுக்காரர் வீட்டுப் பெண், நீங்கள் கண்மூடிய பிறகு சேர்ந்தவள். அவள் எடுத்தது உங்கள் வாசிப்பு. சனிக்கிழமைகளில் நீங்கள் மனதில் தோன்றியதை வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுரம் விடாமல் எழுதினேனே, அந்தத் தாள்கட்டிலிருந்து. இப்போது அதுதான் இங்கே பாடம். பாடமாக்கியவன் பியானோ வாத்தியாரான நான்.

மூன்றாம் வரியில் நான்கு எண்ணிக்கைக்கு அவள் நிறுத்தினாள். ரேச்சல் கையைத் தூக்கினார்.

"இங்க எதுக்கும்மா நிறுத்துற? நல்லா ஓடிட்டு இருந்துச்சே?"

"தாள்ல அப்படித்தான் மேடம் இருக்கு. 'சவரி சார் மௌனம்'னு சொல்லுவோம். அதுல கைவச்சா இன்னாசி சார் முகம் சுண்டிப்போயிரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரேச்சல் என் பக்கம் திரும்பி, "அந்த இடத்துல அவர் என்ன நினைச்சார் சார்?" என்றார்.

"பாத்துச் சொல்றேன் மேடம்."

எதைப் பார்ப்பது? அங்கே நீங்கள் எதையும் நினைக்கவில்லை. உங்களுக்கு மூச்சு வரவில்லை. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் நான்கு எண்ணி, மௌனக் குறி போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். முதல் சனிக்கிழமைகளில் அந்தக் குறியே இல்லை. பிறகு ஒன்று. பிறகு பக்கத்துக்கு இரண்டு. கடைசித் தாள்களில் எண்ணவே முடியவில்லை. உங்கள் நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்ததை வாராவாரம் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன், அண்ணே. "டாக்டரைப் பாருங்கண்ணே" என்று ஒரு தடவை சொன்னேன். "விடுலே, நாளைக்குப் பாத்துக்கலாம். செத்த நேரம் சும்மா இரு, வந்தது மறந்துரும்" என்றீர்கள். சும்மா இருந்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? அதட்டியிருந்தால்? எனக்கு எப்போது அதட்ட வந்தது?

இன்று காலை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். செல்வி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இம்புட்டு நாளும் அவர் மூச்சு முட்டுனதையா சார் நான் வாசிச்சேன்?"

ரேச்சல் எழுந்து பியானோ மூடியைத் திறந்தார். "அப்ப அந்த இடம் காலியாத்தான் கிடக்கு. நீங்க உக்காருங்க சார்."

தாளில் இல்லாத ஒரு சுரத்தை நான் வாசித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தேன். செல்வி மூன்றாம் வரிக்கு வந்து நிறுத்தினாள். என் விரல்கள் கட்டைமேல் கிடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"விடுங்க சார், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். உங்களைப்போலவே சொன்னாள்.

நாளை நிறைவுக் கச்சேரி. தூக்கம் வருமா தெரியவில்லை. நான் வாசிப்பது தப்பாக வரலாம், பிள்ளைகள் சிரிக்கலாம். பென்சிலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். நாளை அவள் நிறுத்தும்போது நான் எண்ண மாட்டேன், அண்ணே.

பக்கத்திலேயே இருந்தும் வாய் திறக்காத உங்கள் தம்பி,
இன்னாசி