ஜாதகப் பையில் ஒளித்த தாள்

அக்கா, நேற்று பூங்கொடியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உனக்கு இருந்த, எனக்கும் இருக்கிற மரபணுக் கோளாறு என் மகளுக்கு இல்லை. இன்று காலை ஜாதகப் பையைத் திறந்து, மஞ்சள் வாசனை ஏறிப்போன உன் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் உனக்கு மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்தத் தாளை என்னிடம் நீட்டினாய். "நம்ம அப்பன் வழியில வந்ததாமாடா சாமி. சின்னத்தைக்கும் மார்ல இதேதான வந்துச்சு. நீயும் பாத்துரு. உன்ற புள்ளைக்கும் வந்திருக்கலாமாம்."

"ஆம்பளைக்கு எதுக்குக்கா அது? வெளிய தெரிஞ்சா புள்ளைய எவன் கட்டுவான்?"

"கோன் கோனாப் பிரிச்சுப் பாத்துத்தான நூல் வாங்குவே. உன்ற ரத்தத்த மட்டும் பாக்காம உட்டுருவியா?"

சிரித்து மழுப்பினேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு, யார் கண்ணிலும் படக்கூடாதென்று அதை ஜாதகப் பையில் ஒளித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்! வரன் வந்தால் முதலில் திறக்கிற பையே அதுதான்.

போன மாதம் திறந்தவள் பூங்கொடி. "ஏனுங்கப்பா, அத்தை எனக்காகக் குடுத்தத எனக்கே மறைச்சீங்களா?" என்றாள். குமாரபாளையம் முழுக்க நூலுக்குப் பேரம் பேசுகிறவன், அவளிடம் பேரம் பேசவில்லை. மறுநாளே ரத்தம் கொடுத்தேன். எனக்கு இருந்தது. அவளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். அவளும் கொடுத்தாள். முடிவு வரும்வரை நூலைத் தொட்டால் நல்லது கெட்டது விரலுக்குத் தெரியவில்லை.

"பாப்பாவுக்கு இல்லீங்க. மத்த பொண்ணுங்களுக்கு இருக்கற ஆபத்துதான் இவங்களுக்கும்" என்றார் டாக்டர் நேற்று. நான் அங்கேயே அழுதுவிட்டேன். "இருந்திருந்தாலும் வழி பாத்திருப்போமுங்கப்பா. அழுவாதீங்க, எல்லாரும் உங்களுக்குத்தான் ஏதோன்னு பாக்கறாங்க" என்றாள். எனக்குத்தானே இருக்கு என்று சொன்னதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உன் பேச்சைக் கேட்காத குற்றம் என்னோடுதான் இருக்கும், அக்கா. ஆனால் நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே பூங்கொடி பேசி முடித்துவிட்டாள். வருடம் ஒருமுறை நான் தவறாமல் டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்கக் கூடாது. மோகனூரில் இருக்கும் சின்னத்தை மகள்களிடம் உன் தாளோடு நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் இறங்கி வரவில்லை. மூன்றுக்கும் ஒப்புக்கொண்டேன்.