எழுந்து போன மதிப்பீட்டாளர்

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் அத்தானுக்கு முட்டிவலி. வலியைவிட அவர் புலம்பல்தான் தாங்க முடியவில்லை.

போனில் சொல்லலாமே என்பாய். நீ குறுக்கே கத்துவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம்.

நீ கேட்டது நடக்கவில்லை. உன் மகள், நம் வாயாடிக்குப் பள்ளியில் வைத்த அந்த அறிவுத்திறன் சோதனையை எங்கள் குழு நேற்று "ஏற்கத்தக்கது" என்று முத்திரை குத்திவிட்டது. அந்த மதிப்பெண்ணைக் காட்டி அவளைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் போட இனிப் பள்ளிக்குத் தடை ஒன்றும் இல்லை. கோபப்படாமல் மீதியையும் படி.

சோதனைகளையே சோதிப்பதுதான் எங்கள் வேலை என்று உனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர், தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல், தனித்தனியே படித்து மதிப்பிடுவார்கள். இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் சொல்வதே முடிவு. இதை ஒருவர் தேறும் என்றார், மற்றவர் தேறாது என்றார். மூன்றாவது ஆள் நான். சோதனைக் கட்டு என் மேசைக்கு வந்தது.

படித்தேன். குறை பளிச்சென்று தெரிந்தது. ஒரு குழந்தையின் மதிப்பெண்ணை எந்தக் குழந்தைகளோடு ஒப்பிடுகிறார்களோ, அந்தக் கூட்டத்தில் அந்தக் குழந்தையைப் போன்றவர்களும் இருக்க வேண்டும் என்பது எங்கள் தரவிதி. இவர்கள் ஒப்பிட்டதோ வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுகிற பிள்ளைகளோடு மட்டும். நம் மொழியில் எட்டு ஊருக்குக் கேட்கப் பேசுகிறவளைப் பள்ளியின் புது மொழியில், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுவிட்டு, "மொழித்திறன் குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. சோதனையால் பாதிக்கப்பட்டவர் மதிப்பீட்டாளருக்குச் சொந்தமென்றால், அவர் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அதை எழுதியதே நான்தான். "சொந்தக்காரங்க இருந்தா என்னம்மா, நாம நியாயமாத்தானே பார்ப்போம்" என்று குழுத் தலைவர் எவ்வளவோ சொன்னார். நான் மேசையைத் தட்டிச் சண்டை போட்டேன். அன்று முதல் எனக்குச் சட்டாம்பிள்ளை என்றே பெயர். நான் போட்ட பூட்டில் நானே மாட்டிக்கொண்டேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்காதவள் இல்லை. ஆனால் சோதனையை விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? என் மருமகள் விஷயம் வெளியே வந்தால், தன் வீட்டுப் பிள்ளைக்காகக் குறை சொன்னாள் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குறையை யார் சொன்னாலும் எடுபடாது. வாயாடியைப் போன்ற மற்ற பிள்ளைகளுக்கும் வழி அடைபட்டுவிடும். எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான். சொல்லிவிட்டு எழுந்தேன்.

என் இடத்தில் தலைவர் உட்கார்ந்தார். நான் எழுதி வைத்திருந்த குறிப்பை அவரிடம் கொடுக்கவும் கூடாது. தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றேன். சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிட்டு வந்தார். "ஓரளவு தேறுதுல்ல, போதும்மா. நீங்க எழுந்து போனீங்க பாருங்க, அதுதான் தரம்" என்று கைகூப்பினார். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த மறுபரிசீலனை வருவதற்குள் வாயாடி அந்தப் பள்ளியையே தாண்டிவிடுவாள்.

வீட்டு மொழியில் மறுபடியும் சோதிக்கச் சொல்லிப் பெற்றவர் கேட்கலாம். பள்ளி செய்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் எழுதிக் கொடு. மறுத்தால் மறுபடியும் எழுதிக் கொடு.

தலைமை ஆசிரியை எங்கள் தரவிதிப் புத்தகத்தை எடுத்து உன் முன்னால் வைப்பார். தொகுத்தவர்களில் முதல் பெயர் என்னுடையது. "உங்க அக்கா குழுவே சரின்னு சொல்லிடுச்சே" என்பார். நீ இதுவரை யாரிடமும் என்னை விட்டுக்கொடுத்ததில்லை. அந்த அறையில் மட்டும் என்னை விட்டுக்கொடுத்துவிடு, தம்பி. அவளை விட்டுக்கொடுக்காதே.

என் மருமகள் நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா