‘சரிங்க’ என்றதற்கு ஒரு டிக்

சிங்கப்பூர்,
புதன்கிழமை, 22ஆம் தேதி

அன்புள்ள ரோஷினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மெல்பர்னில் நீயும் சுகமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்று நாளாக நீ போன் செய்யவில்லை. இங்கே திங்கட்கிழமை ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, எங்கள் கம்பெனியின் விடுப்புப் படிவம் மஞ்சளிலிருந்து இளம்பச்சைக்கு மாறுவதென்று மனிதவளப் பிரிவு ஏகமனதாகத் தீர்மானித்தது. பச்சை மனத்துக்கு இதமானதாம். நானும் கை தூக்கினேன். மனிதவளப் பயிற்சியில் சேரப்போகிறாய், முதல் வருடம் என்னென்ன வேலை இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். குரல் செய்தியாகப் பதில் சொன்னால் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பாய் என்பதால் எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் இந்தப் பிரிவில் குமாஸ்தாவாக இருப்பவள் சொல்கிறேன், முதல் மாதம் பிறந்தநாள் பட்டியல் உன் கைக்கு வரும், யாருக்கு முட்டையில்லாத கேக் என்பதெல்லாம் மனப்பாடமாக வேண்டும். பிறகு புதியவர்களுக்கு அட்டை கொடுப்பது, கழிவறை எங்கே என்று காட்டுவது, கோப்புகளை அடுக்குவது. கொஞ்சம் பழகியதும், ஒருவரிடம் கெட்ட செய்தி சொல்லும்போது அறையில் இரண்டாவது ஆளாக உன்னை உட்காரவைப்பார்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டால் போதும், அவ்வளவுதான் என்பார்கள். அந்த அவ்வளவுதானைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த சுதா என்று ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான், ஈசூனில் வளர்ந்தவள், பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வில் பரிசு வாங்கியவள். அதனால் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம் தொழிலாளர்களிடம் பேசும் பொறுப்பு அவளுக்கு வந்தது. மூன்று வாரத்துக்கு முன் சின்னராசு வந்தார், பதினோரு வருடமாக எங்களிடம் வெல்டர். பட்டுக்கோட்டையில் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை, ஒரு மாதம் லீவு வேண்டும் என்றார். பதினான்கு நாள்தான் என்றார் மேலாளர் அமலா. சுதா படிவத்தை வரிவரியாகத் தமிழில் விளக்கினாள், நான் பக்கத்து மேசையில் இருந்தேன். “அண்ணே, இருபத்திமூணாம் தேதி வியாழக்கிழமை காலைல டியூட்டில நிக்கணும்” என்றாள், அவர் “சரிங்க” என்றார். “வரலன்னா நீங்களே வேலைய விட்ட மாதிரி எடுத்துக்குவாங்க அண்ணே, வொர்க் பெர்மிட் கேன்சல் ஆயிடும்” என்றாள், அவர் “சரிங்க மேடம், சரிங்க” என்றார். ஒப்புக்கொள்கிறார் என்ற கட்டத்தில் அவள் ஒரு டிக் போட்டாள், அவர் கீழே கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்தச் சரிங்க தெரியும். உங்கள் பேச்சு காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்ற சரிங்க. போனில் துக்கச் செய்தி வந்தாலும் நம் ஆட்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அவர் போனதும் அமலாவிடம் சொன்னேன். “அக்கா, தமிழ்லயே கேட்டாச்சு, தமிழ்லயே சரின்னு சொல்லிட்டார், இதுக்கு மேல என்ன லா செய்றது” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, ஆள் எங்கே ஆள் எங்கே என்று மேலே இருப்பவர்கள் அவர் கழுத்தைப் பிடிக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், சின்னராசு சிராங்கூன் சாலையில் கோடாலித் தைலமும் பெட்டி கட்டக் கயிறும் வாங்கிக்கொண்டு நிற்கிறார். ஓரமாக அழைத்து, நீங்கள் சரிங்க என்றதைச் சம்மதம் என்று எழுதிவிட்டார்கள், ஒரு நாள் தாமதமானாலும் வேலை போய்விடும், பதினான்கு நாள் போதாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “சரிங்கக்கா” என்றார்.

அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தால், மனைவிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, இறங்கட்டும் என்று டாக்டர் தள்ளிப்போட்டுவிட்டார். அறுவைச் சிகிச்சை நாளைக் காலை. இவர் துவாஸில் நிற்க வேண்டியதும் நாளைக் காலை. “அவள ஆஸ்பத்திரில விட்டுட்டு எப்படி மேடம் வர்றது, பத்து நாள் மட்டும் பெரிய மேடம்கிட்ட கேட்டுச் சொல்லுங்க” என்று சுதாவுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அவள் அதை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டு, “ஆன்ட்டி, அப்ப நிஜமாவே சம்மதம்னா தமிழ்ல என்னதான் சொல்வாங்க?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் முப்பது வருடமாக எனக்குச் சரி சொல்லிவருகிறார், சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது என்றேன். சிரித்தாள், பிறகு கழிவறைக்குப் போனவள் இருபது நிமிடம் வரவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைப் பேசலாம் என்றிருந்தேன், நிறத்துக்கே நேரம் போய்விட்டது. முடிந்தபின் அமலாவைப் பிடித்தேன், லீவை நீட்டிக்கப் படிவத்தில் இடமே இல்லை என்றார், அடுத்த முறை அச்சடிக்கும்போது ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று குறித்தும்கொண்டார். இன்று மதியம் இயக்குநருக்கே மின்னஞ்சல் எழுதினேன், மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். ‘நோட்டட்’ என்று பதில் வந்தது. அது ஆங்கிலத்தில் சரிங்க. ஆகவே நீ டிக் போடும் முன், எதிரே இருப்பவரிடம், நான் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள் என்று கேள். வேலை மெதுவாகும், மெதுவான பெண் என்று உன்னைப் பற்றியும் ஒரு கோப்பில் எழுதுவார்கள். அப்படிக் கேட்டாலும் பலன் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருட அனுபவத்தோடு அடுத்த மேசையில் இருந்தவள் நான், என்னால் ஒன்றும் ஆகவில்லை.

உனக்கு நல்ல புத்தியும் நல்ல மேலாளரும் வாய்க்கட்டும், ஒன்று கிடைத்தாலும் சமாளித்துக்கொள்வாய். குளிர் தொடங்கிவிட்டது என்றாய், அப்பா வாங்கித் தந்த ஸ்வெட்டரை நிறம் பிடிக்கவில்லை என்று பெட்டியிலேயே வைக்காமல் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
சிவகாமசுந்தரி

பி.கு. கடிதத்தை அஞ்சலில் சேர்க்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. சின்னராசுவின் மனைவிக்கு நேற்று அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாம். சின்னராசுவின் பெர்மிட்டை இன்று காலை ஒன்பதரை மணிக்கு சுதா ரத்து செய்தாள்.