நாவலில் வந்த உங்கள் தம்பி

என் ரக்சிக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம். மல்வேர்ன் வீட்டு வாசலில் உங்கள் ரக்சிக் கார் அப்படியே நிற்கிறது. விற்க விடமாட்டேன் என்கிறா அம்மா. நான் இன்னும் பிறம்ரன் வெயர்ஹவுசில் பெட்டி தூக்குகிறேன்.

விமான நிலையத்திலிருந்து நீங்கள் ஏற்றி இறக்கிய அமெரிக்க எழுத்தாளர் நினைவிருக்கிறதா? "என்ர நாவல்காரி" என்று பகிடி விடுவீர்களே. அவருடைய நான்கு நாவல்களையும் வாசித்துவிட்டேன். முதலாவதில் சுரங்கத் தொழிலாளர், அடுத்ததில் இறைச்சி வெட்டும் பெண்கள், பிறகு முதியோர் இல்லத் துப்புரவாளர்கள். பல்கலைக்கழகத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர், ஒருநாளாவது பெட்டி தூக்கியிருப்பாரா? நன்றாகத்தான் எழுதுகிறார். அதனால்தான் எனக்குக் கூடுதல் சந்தேகம்.

நான்காவதில் ஒரு தமிழ் ரக்சி ஓட்டுநர். ரீயில் ரஸ்க் தோய்க்கிறார். றோட்டுக் கடக்கும்போது மகனின் கையை நோகப் பிடிக்கிறார். எல்லாம் நீங்கள். ஆனால் அந்த ஆள், ஊரில் சோதனைச் சாவடி நெரிசலில் தன் தம்பியின் கையை விட்டுவிட்டவர். தம்பி திரும்பி வரவேயில்லை.

மட்டக்களப்புக்காரியான அம்மா உங்களை இந்த நாட்டுக்கு வந்துதான் கண்டவ; உங்கள் ஊரையோ சொந்தங்களையோ அறியாதவ. அவவிடம் கேட்டேன்.

"கொப்பாவுக்கு ஏதடா தம்பி? தனிப்பிள்ளை எண்டுதான் சொன்னவர். உந்த மனுசி கதை கட்டி விட்டிருக்கு."

எனக்கு ஆத்திரம். நூலகத்தில் அந்த எழுத்தாளர் தன் நாவலை வாசிக்க வந்தபோது எழும்பி நின்றேன். "என் அப்பாவுக்கு இல்லாத துக்கத்தை ஏன் ஒட்டினீர்கள்? உங்களுக்கு விருது கிடைக்கவா?"

"நீங்கள் அவருடைய மகனா?" என்றார். "நான் ஒட்டவில்லை. அவர் சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன். மற்றப் பாதியை எழுத வேண்டாம் என்று கேட்டார்."

சபை உருகிப்போய்க் கைதட்டியது. நான் நம்பவில்லை. செத்தவர் எழும்பி வந்து மறுக்கவா போகிறார்?

இந்த ஆடி அமாவாசைக்கு முதல் தடவையாக உங்களுக்காக றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனேன். தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டு ஐயர் பெயர்களைக் கேட்டார். உங்களைச் சொன்னேன், அப்பப்பாவைச் சொன்னேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"மற்றவர்?"

"ஆர் மற்றவர்?"

"அப்பா வருசா வருசம் கடைசியா ஒரு பேர் சொல்லுவாரே, தம்பி. சிவரூபன். தன்ர சகோதரம் எண்டு."

நாவலில் அவனுக்கு வேறு பெயர். அந்தப் பெயரை நாவல்காரியிடமிருந்து மறைத்தீர்களா? அல்லது அவர்தான் மாற்றினாரா? முன்பின் தெரியாத ஒருத்திக்கு நெடுஞ்சாலையில் சொன்னதை, பக்கத்து அறையில் படுத்த எனக்கு ஏன் சொல்லவில்லை? கையை விட்டவர் என்று நான் நினைப்பேன் என்றா?

சின்ன வயதில், கடையில் நீங்கள் என் கையைப் பிடிக்கும்போது வெட்கப்பட்டு இழுத்துக்கொள்வேன். அப்போது உங்கள் முகத்தை நான் பார்த்ததேயில்லை.

அந்த நாவல்காரியை இன்னும் நம்பவில்லை. அடுத்த நாவலையும் வாசிப்பேன், மற்றப் பாதியை எழுதிவிட்டாரா என்று பார்க்க. ஆனால் ஆடி அமாவாசைக்கு ஐயர் இனி என்னைக் கேட்கவேண்டி வராது. மூன்று பெயரையும் நானே சொல்லுவேன்: நீங்கள், அப்பப்பா, என் சித்தப்பா.

உங்கள் மகன்,
சிவரூபனின் பெறாமகன்