படகின் பழைய பெயர்

இன்று காலை நீ எழுதிய நிரலைத் திறந்தேன். அது நம்பியிருந்த இன்டர்ஃபேஸ்கள் என்ற இணைப்புமுனைகளின் பெயர்கள்மேல் குறுக்கே கோடு விழுந்திருந்தது. இனி பயன்படுத்தாதே என்று பொருள். அவற்றைத் தரும் ஆயத்த ஜாவா நிரல்தொகுப்பின் அடுத்த பதிப்பில் அவை இருக்காது. மாற்றும் வேலை எனக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? அதை உருவாக்கியது நாம் இருவர்தானே.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. உன் நாற்காலியில் இப்போது கூரியர் பெட்டிகள். முத்தையாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் தினமும் எனக்கே கிடைக்கிறது. சண்டைக்கு ஆளில்லை.

விசைப்படகுகளின் பதிவு மென்பொருள் அது. ஒவ்வொரு விவரத்துக்கும் தரவுத்தளத்திடம் போய் நிற்காமல், ஒருமுறை கேட்டதைப் பக்கத்திலேயே கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளச் செய்தோம். படகின் பெயரை மட்டும் மறுபடி கேட்கவே வேண்டாம் என்றேன். "ஆமாளா, பேரு எங்க மாறப் போவுது?" என்றாய் நீயும்.

இரண்டே மாதத்தில் ஒரு படகுக்கார அண்ணாச்சி, கடலுக்குப் போகும் டோக்கனை நம் மேசையில் போட்டார். தரவுத்தளத்தில் புதுப் பெயர் ஏறியிருந்தும் அதில் பழைய பெயர்.

"மவ பொறந்தா, படகுக்கு அவ பேர வச்சாச்சு. ஊருக்கே மிட்டாய் குடுத்தேன். ஒங்க கம்ப்யூட்டருக்குத் தனியா வந்து சொல்லணுமோ?"

"மிட்டாய் இங்கன வரலியே அண்ணாச்சி" என்றாய். அவர் சிரித்துவிட்டார். அன்று மாலையே திருத்தி, மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பையை எடுத்தாய்.

இன்று உன் நிரலை வரி வரியாகப் பெயர்த்துப் புதிய இன்டர்ஃபேஸ்களுக்கு எழுதினேன். ஒவ்வொரு வரியையும் கடைசியாக எழுதியவரின் பெயர் ஓரத்தில் தெரியும்; உன் பெயர் இருந்த வரிகளிலெல்லாம் என் பெயர் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு, நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் சோதனைகளை ஓட்டினேன். ஒன்று தோற்றுச் சிவப்பில் நின்றது. பெயர் மாறியதும் கேஷிலிருந்து பழையதை அழிக்கும் வரியை நான் விட்டிருந்தேன். பிடித்தது நீ எழுதி வைத்த சோதனை. தோற்றால் காட்ட வேண்டிய செய்தியையும் நீயே எழுதியிருக்கிறாய். இதுவரை தோற்றதில்லை, அதனால் நான் பார்த்ததில்லை:

"ஏளா, படகுக்குப் பேரு மாறிட்டு. போயி மறுபடி கேளு."

திருத்த ஒரே வரி போதும். திருத்தினால் இந்தச் செய்தி வராது. திருத்தாமலே மறுபடி ஓட்டினேன். இன்னொரு முறையும். ஒவ்வொரு முறையும் நீ அதே அவசரத்தில் சொன்னாய்.

"என்னம்மா, இன்னுமா செவப்பு?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"இப்ப சரியாயிரும் சார்."

அந்த வரியைச் சேர்த்தேன். பச்சை. திரை ஒன்றும் சொல்லவில்லை.

உன் நிரலை நீக்கிவிட்டேன். சோதனையைத் தொடவில்லை. இனி நான் தவறு செய்தால்தான் உன் குரல் வரும். கவனமாக வேலை செய்யும் பழக்கமோ உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அதை என்னால் விடவும் முடியவில்லை.