வண்டியோடு பிறக்காதது

ஹட்சன்வில், மிச்சிகன்
அக்டோபர் 19, 2003

அன்புள்ள லோரனுக்கு,

அண்ணி ஆர்லீன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கிப் பழகிய கை இது. இந்த முறை அந்த வரி வரமாட்டேன் என்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது தோளெலும்பு இன்னும் கூடவில்லை, இடது கையால்தான் கிறுக்குகிறேன்.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. செய்தி பதியும் மெஷினோடு பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் உன் பக்கத்து வீட்டு டோலோரஸைப் பிடித்தேன். ஷெட் கதவை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாம். அவள் கொண்டுவந்து வைக்கும் சூப் வாசலிலேயே ஆறிப்போகிறதாம். எந்தப் பாகம் எந்த வண்டியோடு வந்தது என்று சொல்லும் பாக்டரி எண் புத்தகங்கள், நீ வருஷக்கணக்காகச் சேர்த்தவை, எல்லாவற்றையும் பீப்பாயில் போட்டு எரித்தாயாம். "கடைசிப் பக்கம் எரியிற வரைக்கும் நின்னு பார்த்தாரும்மா" என்று அவள் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அடக்கத்துக்கு வரவில்லை. அதைக் குத்திக்காட்ட எழுதவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். உன் அண்ணனின் பெட்டியைத் தூக்க ஓர் ஆள் குறைந்து, உன் இடத்தில் மெர்ல் நின்றார். முப்பது வருஷம் கார் கிளப்பில் நடுவராக இருந்து யாருடைய வண்டிக்கும் இரக்கம் காட்டாத மனிதர், அன்றைக்குக் குழந்தை மாதிரி விசும்பினார். சர்ச் நிலவறையில் வழக்கம்போல் பன்னும் பன்றித்தொடைக் கறியும் வைத்திருந்தார்கள். கிளப்காரர் ஒருவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஆண்டவன் சித்தம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, மெல்லக் கேட்டார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த வண்டியோட மூணு கார்புரேட்டருக்கும் ஒண்ணும் ஆகலையே?" நான் சிரித்துவிட்டேன் லோரன். துக்க வீட்டில் விதவை சிரித்தாள் என்று இந்த ஊர் இன்னும் பத்து வருஷம் பேசும். நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

ஜூலையில் நீ வந்திருந்தபோது நடந்தது எனக்கு ஓயாமல் நினைவுக்கு வருகிறது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நான் பார்த்தபடி சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும். அந்த அறுபத்தாறாம் வருஷத்து ஜி.டி.ஓ. காரில் எஞ்சின், கியர்ப்பெட்டி, டாஷ்போர்டு கடிகாரம் எல்லாம் பாக்டரியிலிருந்து அந்த வண்டியோடு வந்தவைதான் என்று நீதான் படுத்தும் தவழ்ந்தும் பார்த்துச் சொன்னாய். ஸ்டெப்னி மட்டும் குறை. அப்போதுதான் மெர்ல் அந்த டயரை உருட்டிக்கொண்டு வந்தார். வண்டியை முதலில் வாங்கிய பல் டாக்டர் வீட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்ததாம். ரோட்டையே தொடாத டயர். ஓரத்துச் சிவப்புக் கோடு கூட மங்கவில்லை.

மூன்று பேரும் டார்ச்சோடு அதன் மேல் கவிழ்ந்தீர்கள். மெர்ல் எச்சில் தொட்டுத் துடைத்தார். டயரில் வார்த்திருந்த தேதிக் குறியை நீ எழுத்து எழுத்தாகப் படித்தாய். உன் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காபி கொண்டுவந்தபோது நீ சொல்லிக்கொண்டிருந்தாய்: "அண்ணே, மனசைத் தேத்திக்க. நம்ம வண்டி மார்ச்சுல வெளிய வந்துச்சு. இந்த டயரை வார்த்ததே ஜூன்லதான். இது எப்படி இதோட வந்திருக்கும்? பேசாம சாதா ஸ்டெப்னியா போட்டு ஓட்டு."

பாவம், உன் அண்ணன் முகம் அன்றைக்குத் தொங்கிப்போனது. பிறகு தேறிக்கொண்டு, அதுவரை டிக்கியில் இருந்த புது டயரை எடுத்து ஷெட் சுவரில் சாய்த்துவிட்டு, பழையதை உள்ளே வைத்தார். அசல் இல்லாவிட்டாலும் பார்க்க அசல் மாதிரியே இருக்கிறது என்று அவருக்கு ஒரு திருப்தி. அந்தப் புது டயர் இன்னும் அதே இடத்தில்தான் சாய்ந்திருக்கிறது. நான் இப்போதெல்லாம் ஷெட் பக்கம் போவதில்லை.

செப்டம்பரில் ஒரு ஷோ முடிந்து திரும்பும்போது அயோனியா ஊரைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. உன் அண்ணனுக்கு எரிச்சல்கூட வரவில்லை. டிக்கியைத் திறந்து, "லோரன் தள்ளிவிட்ட அநாதைப் பயலுக்கு இன்னைக்குத்தான் வேலை வந்திருக்கு" என்றார். மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். வாழைப்பழம் இருக்கிறதா என்று கேட்டார். நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது டயர் பட்டை பட்டையாக உரிந்து அடியில் அறையும் சத்தம் கேட்டது. வண்டி சுழன்றுபோய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. எனக்கு நினைவு திரும்பியபோது ஹார்ன் நிற்காமல் அலறியது. அவர் நெஞ்சு அதன் மேல் கிடந்தது.

விசாரித்த போலீஸ்காரர் இளைஞர்தான். டயர்த் துண்டைக் கையில் வைத்து வளைத்துக் காட்டினார். உள்ளே பூராவும் வெடிப்பு. "ரப்பர் செத்துப் பல வருஷம் ஆச்சும்மா. இதைப் போய் யாரு மாட்டச் சொன்னது?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

மெர்ல் அந்தத் துண்டுகளை எடுத்துப் போய் எழுத்துகளை மறுபடி படித்துப் பார்த்தாராம். நீ சொன்னது சரிதானாம், ஜூனில் வார்த்ததுதானாம். அதை வந்து எனக்கு ஆறுதல் போலச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கப்பை அவர் மேல் எறியாமல் விட்டது பெரிய விஷயம். மூன்று பேரும் அது எப்போது பிறந்தது என்று பார்த்தீர்கள். அதற்கு இப்போது எத்தனை வயது என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தேழு வருஷத்து ரப்பர்! வீட்டில் தயிர் வாங்கினால் தேதி பார்த்துக் கொட்டுகிற மனிதர்கள்தானே நீங்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. என் பக்கத்து இருக்கையின் தோள் பெல்ட். அந்த வண்டிக்குப் பாக்டரி போட்டது இடுப்பு பெல்ட் மட்டும்தான். நாங்கள் அதை வாங்கிய வாரமே உன் அண்ணன் கூரைத் துணியைப் பிரித்து, உள்ளே இரும்புத் தகடு வைத்து, எனக்கு மட்டும் தோள் பெல்ட் மாட்டினார். ஒவ்வொரு ஷோவிலும் மெர்ல் அதற்குப் புள்ளி குறைத்தார். ஜூலையிலும் நீ, "அண்ணே, அண்ணி என்ன ஏரோப்ளேன்லயா போறாங்க? அதைக் கழட்டிட்டா இந்த வருஷம் முதல் பரிசு உனக்குத்தான்" என்று சண்டை பிடித்தாய். அவர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "கோப்பைன்னா கடையில கிடைக்கும்டா. இவளை எங்க போய் வாங்குறது?" அப்படியானால் உங்களுக்கும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்களேன் என்று நான் கேட்டேன். "ஒரு பக்கமாவது ஒரிஜினலா இருக்கட்டும்" என்றார்.

அன்று நீ சொன்ன இரண்டில் ஒன்றைக் கேட்டார், ஒன்றைக் கேட்கவில்லை. கேட்டதால் அவர் போனார். கேட்காததால் நான் இருக்கிறேன். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மெர்ல் மேல் இருக்கிறது. தனக்கொரு பெல்ட் போட்டுக்கொள்ளாத அந்த மனுஷன் மேல்தான் எல்லாரையும்விட அதிகம். ஆனால் நீ அவரைக் கொன்றாய் என்று நான் நினைத்தால் இந்தக் கையால் உனக்கு ஒரு வரி எழுதியிருப்பேனா?

இப்போது நான் கேட்பதைக் கேள். நொறுங்கிய வண்டி மெர்லின் கிடங்கில் நிற்கிறது. கிளப்காரர்கள் தினமும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கார்புரேட்டர், கடிகாரம், பாக்டரி வைத்தது எதுவானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும், எனக்கு வேண்டாம். வண்டியோடு பிறக்காதது மட்டும் எனக்கு வேண்டும். அந்த பெல்ட் வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் என் கைப்பைக்காக ஒரு கொக்கி வைத்திருந்தார், அது வேண்டும். இன்னும் எனக்கே தெரியாமல் என்னென்ன செய்து வைத்தாரோ, அவ்வளவும் வேண்டும். நடுவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அவர் திருகாணியைக்கூட அந்தக் காலத்துத் திருகாணியாகத் தேடி முடுக்கியிருக்கிறார். மெர்லே பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அவருடைய பையன்களிடம் விட்டால் கத்தியால் அறுத்துவிடுவார்கள். பாக்டரி செய்தது எது, உன் அண்ணன் செய்தது எது என்று பிரித்துச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. புத்தகம் எரிந்தால் என்ன, எல்லாம் உன் தலையில்தானே இருக்கிறது.

நீ வரும்வரை யாரும் ஒரு போல்ட்டைத் தொடக்கூடாது என்று மெர்லிடம் சொல்லிவிட்டேன். மாடி அறையில் உனக்குப் படுக்கை போட்டாகிவிட்டது. உன் மான் வேட்டைத் துப்பாக்கியை டோலோரஸிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பு. அவளிடம் நான் பேசிவிட்டேன், வாங்கி வைத்துக்கொள்வாள். ஏன் என்று என்னிடம் கேட்காதே, நானும் உன்னிடம் கேட்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, லோரன். உன் அண்ணன் சின்ன வயதில் எப்படிச் சிரித்தார் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான் மிச்சம். அதைச் சொல்லிக் கேட்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆண்டவர் உன்னை வழியெல்லாம் கைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொள், தோளுக்கு மேலாக.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அண்ணி ஆர்லீன்