அடி சிவந்த புல்

செய்யூர்
14.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வந்து ஒரு வாரமாச்சு, நல்லா இருக்கேன். போன்ல பேசினா பத்தாவது நிமிஷம் "பின்னாடி யாரு சிரிக்கிறது?"ன்னு ஆரம்பிச்சுடுற. அதான் கடிதம். இதுல பின்னாடி குரல் கேக்காது பாரு! நாவலூர் வூட்ல கேஸ் தீரப்போவுது, புக் பண்ணு. ஹோட்டல்லயே தின்னு வயித்தைக் கெடுத்துக்காதே.

என் ஆராய்ச்சி முனிசாமி அண்ணன் வயல்லயும் பக்கத்து வயல்லயும். நெல்லுக்கு நடுவுல நெல்லு மாதிரியே ஒரு புல் வளருது. சிலதுக்கு அடித்தண்டு சிவப்பு, சிலதுக்கு நெல்லு கணக்கா பச்சை. எந்த வயல்ல எது எத்தனைன்னு எண்ணணும். களை எடுக்கிற ராஜம் அக்காகூட நானும் சேத்துல இறங்கிடுறேன். எங்கம்மா இருபது வருஷம் கூலிக்குச் செஞ்ச வேலைக்கு எனக்கு டாக்டர் பட்டம் தரப்போறாங்கன்னு சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரிச்சுது.

ரூம்ல இருந்து வயலுக்கு ஏழு கிலோமீட்டர். எங்க லேப் பார்த்திபன் வண்டியில கூட்டினு போறான். ஹெல்மெட் ஒண்ணுதான் இருக்கு, அதையும் பார்த்திபன் எனக்குக் குடுத்துடுறான். நேத்து வரப்புல வழுக்கி, எண்ணிக்கை எழுதி வச்ச நோட்டோட சேத்துல உக்காந்துட்டான் பார்த்திபன். பாவம்!

உன் சிநேகா

நாவலூர்
18.10.2024

சிநேகாம்மாவுக்கு,

கேஸ் புக் பண்ணிட்டேன். உன் கடிதத்தை ரெண்டு தபா படிச்சேன். மாமான்னு ஒரே ஒரு எடத்துல கீது, அதுவும் தலைப்புல. பார்த்திபன் மூணு எடத்துல.

யாரு அவன்? இன்னா வயசு? ஹெல்மெட்டை உனக்குக் குடுத்துட்டு அவன் மண்டையை உடைச்சுக்கப் போறானா? உடைச்சுக்கட்டும். செய்யூர்ல பஸ்ஸே ஓடலியா? ஆபீஸ் கேப் டிரைவருங்களுக்கு டிரிப் ஷீட் போட்டுகினு காலைல இருந்து உக்காந்துகினு கீறேன். எவளையாவது என் பைக்ல ஏத்தினேனா? வயிறு எரியுதுடீ, சொல்லிட்டேன்.

கிருபாகரன்

செய்யூர்
26.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இனிமே பஸ்தான். சந்தோஷமா?

ஒரு நல்ல சேதி. போன ஞாயித்துக்கிழமை மாமல்லபுரத்துல ஒரு கருத்தரங்கு. எங்க கைடு வரலட்சுமி மேடம் என்னைப் பேசச் சொன்னாங்க. பேசி முடிச்சதும் பெங்களூர்ல இருந்து வந்த சாம் சார் எழுந்து நின்னு கை தட்டினார்! அப்புறம் எல்லாரும் கடலுக்குப் போய் கால் நனைச்சோம். நீ இல்லியேன்னு இருந்துச்சு.

உன் சிநேகா

நாவலூர்
30.10.2024

சிநேகாவுக்கு,

மாமல்லபுரத்துக்கு யாரைக் கேட்டுப் போனே? கல்யாணமாகி மொத மொதல்ல நாம கால் நனைச்ச எடம் அது. இப்ப எவன் எவன்கூடவோ நனைச்சுட்டு வந்து எனக்கு எழுதுறியா?

யாரு அந்த சாமு? எழுந்து நின்னு தட்டினாராமே, உக்காந்துகினே தட்டினா கை வலிக்குமா? உன் கடிதம் வந்த அன்னிக்குத் திருப்போரூர் வண்டியைச் சிறுசேரிக்கு அனுப்பிட்டு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கினேன். உனக்கின்னா, கைதட்டல் கேட்டுகினு கீற!

கிருபாகரன்

செய்யூர்
11.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கே மழை. புல் எண்ணினேன். வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். வேற விசேஷம் இல்லை. உடம்பைப் பாத்துக்கோ.

சிநேகா

நாவலூர்
15.11.2024

என் தங்கம் சிநேகாம்மாவுக்கு,

இதாம்மா கடிதம்! மூணு தபா படிச்சேன், ஒரு ஆம்பள பேரு இல்ல. பார்த்திபனும் ஒழிஞ்சான். மனசு எவ்ளோ லேசா கீது தெரியுமா? வாரத்துக்கு ஒண்ணு இப்படியே எழுது.

உன் கிருபா

செய்யூர்
2.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எண்ணி முடிச்சாச்சு. முனிசாமி அண்ணன் வயல்ல நாப்பது வருஷமா கையாலதான் களை எடுக்கிறாங்க. அங்க நூறு புல்லுக்கு ஆறுதான் சிவப்பு அடி. பக்கத்து வயல்ல ரொம்ப வருஷமா வெறும் களைக்கொல்லி மருந்துதான், யாரும் பாத்துப் பாத்துப் பிடுங்கலை. அங்க நூத்துக்கு ஐம்பத்தெட்டு.

எந்தப் புல்லும் தன்னை மாத்திக்கல மாமா. சிவப்பு கண்ணுல பட்டுது, பிடுங்கினாங்க. பச்சை நெல்லோட நெல்லா நின்னு தப்பிச்சுது, விதை போட்டுது. வருஷா வருஷம் சிவப்போட மரபணு குறைஞ்சு, பச்சையோடது கூடிப்போச்சு. ராஜம் அக்கா கை எவ்வளவு சுத்தமோ, அந்த வயல் புல் அவ்வளவு நல்லா ஏமாத்துது.

பார்த்திபன் ஒழியல. பஸ் ரெண்டு வாரம்தான், மழையில பஸ் சரியா ஓடல, திரும்ப அவன் வண்டியிலதான் வரேன். அவன் எனக்குத் தம்பி மாதிரி. சாம் சாருக்கு வயசு அறுபது. ஒளிக்க ஒண்ணுமில்லாததாலதான் அவங்க பேர் கடிதத்துல வந்துச்சு. நீ ஒவ்வொண்ணாப் பிடுங்கினே, நானும் எழுதாம விட்டேன்.

எனக்குப் பயமா இருக்கு. போன வாரம் கோயம்புத்தூர்ல ரெண்டு வருஷ வேலை குடுத்தாங்க, சரின்னு கையெழுத்துப் போட்டேன். ராஜம் அக்காவுக்குச் சொன்னேன், பார்த்திபனுக்குச் சொன்னேன், டீக்கடையில கூடச் சொன்னேன். உனக்கு எழுத உக்காந்தேன். "நலம். மழை"ன்னு மறுபடியும் எழுதி ஒட்டிட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனப்புறம்தான் உறைச்சுது. போடாம அங்கயே நின்னு அழுதேன். எதுவா இருந்தாலும் உன்கிட்ட மொதல்ல ஓடிவந்தவ நான்.

உனக்குப் பிடிச்ச மாதிரி எழுத எனக்கு இப்ப ரொம்ப சுளுவா வருது. அப்படியே எழுதினு இருந்தா நமக்குள்ள சண்டையே வராது. நான் உன்கூட இருக்கவும் மாட்டேன். உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு.

சிநேகா

நாவலூர்
9.12.2024

சிநேகாம்மாவுக்கு,

நாலு கடிதம் எழுதிக் கிழிச்சேன். நாலுலயும் ரொம்ப நல்லவனா எழுதியிருந்தேன். இது அஞ்சாவது, உள்ளது உள்ளபடி.

டீக்கடைக்காரனுக்கு அப்பாலதான் எனக்கு சேதின்னு படிச்சேன். உன்மேல கோவம். என்மேல அதுக்கு மேல. பார்த்திபன் பேரைப் பாத்தா இப்பவும் வயிறு எரியுது. எரியலன்னு எழுதினா நானும் அந்தப் பச்சைப் புல்லுதான்.

கோயம்புத்தூர் போ. யாரு வந்தாங்க, யாரு சிரிச்சாங்க, யாரு எழுந்து நின்னு தட்டினாங்க, எல்லாத்தையும் எழுது. நான் கத்துவேன். கத்தினாலும் எழுது.

இதோட ஒரு ஹெல்மெட் பார்சல்ல வருது. உன் சைஸ் இல்ல, ஆம்பள சைஸ். அவன்கிட்ட குடு. மழையில மண்டையை உடைச்சுக்கப் போறான்.

உன் கிருபா